கணக்குக் கேட்கும் உரிமையே குடியாட்சி

நாட்டில் ஊழல் மலிந்துவிட்டது என்று வருந்தாதவர் இலர். தெருத்திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் பெருமன்றத்திலும் இவ்வருத்தமே ஒலிக்கின்றது. வருந்துவோர் கூறும் மருந்தும் ஒன்றாகவே உள்ளது. நல்லவர் ஒருவர் ஆட்சிக்கு வந்தால் நாடு திருந்திவிடும் என்பதே அம்மருந்து. ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் அந்த நல்லவரைத் தேடுகின்றனர், கண்டுவிட்டதாக மகிழ்கின்றனர், ஐந்தாண்டு கழிவதற்குள் ஏமாந்துவிட்டதாக நோகின்றனர். மீண்டும் தேடல், மீண்டும் ஏமாற்றம். இவ்வாறே ஒரு தலைமுறை கழிந்து மறு தலைமுறையும் வந்துவிட்டது.

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதன் விளைவு இது. ஆள்பவர் நல்லவரா தீயவரா என்னும் கேள்வி தேவையானதே. ஆயினும் அது முதற்கேள்வியன்று. ஆள்பவர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்? காட்டத் தவறினால் அவரை என்ன செய்ய இயலும்? இவையே முதற்கேள்விகள். இவற்றுக்கு விடையில்லாத நாட்டில் நல்லவரும் நாளடைவில் கெடுவர். விடையுள்ள நாட்டில் தீயவரும் அஞ்சி நடப்பர்.

இது மேலைநாட்டார் கற்பிக்க வேண்டிய உண்மையன்று. எத்துணை ஆராய்ந்து தெளிந்து ஒருவரை வினையில் அமர்த்தினும், அமர்ந்தபின் அவ்வினையின் தன்மையாலேயே வேறுபட்டுப் போவோர் பலர் என்பதைத் திருவள்ளுவர் தெரிந்துவினையாடல் அதிகாரத்திலேயே உணர்த்திவிட்டார். அதே அதிகாரத்தில், வினைசெய்வானை ஆள்வோன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மன்னராட்சியில் அவ்வாராய்ச்சி மன்னன் கடமை. குடியாட்சியில் மன்னர் யார்? குடிமக்களே. ஆகவே நாள்தோறும் ஆராயும் கடமையும் குடிமக்களுடையதே. அதனைச் செய்வதற்கான வாயில் நாட்டின் ஆட்சியமைப்பில் திறந்துள்ளதா, அடைக்கப்பட்டுள்ளதா என்பதே ஆராயத்தக்கது.

எவ்வமைப்பிலும் ஒரு பொதுநெறி விளங்குகின்றது. ஒருவரை ஒரு பொறுப்பில் யார் அமர்த்துகின்றாரோ, யாரால் அவரை நீக்க முடியுமோ, அவர் முகத்தையே அப்பொறுப்பாளர் நோக்குவார். கீழிருந்து அமர்த்தப்பட்டவர் கீழ்நோக்கிக் கணக்குக் காட்டுவார். மேலிருந்து அமர்த்தப்பட்டவர் மேல்நோக்கியே காட்டுவார். இந்நெறியைக் கொண்டு பார்த்தால், ஊராட்சி முதல் ஆளுநர் மாளிகை வரையிலுள்ள கோளாறுகள் அனைத்தும் ஒரே கோளாறு என்பது புலப்படும்.

உத்தரமேரூர்ச் சுவர்

உத்தரமேரூர்க் குடவோலைமுறையைத் தமிழர் பெருமையொடு கூறுவர். பெருமைக்குரியதே. ஆயினும் அதன் பெருமை எதிலுள்ளது என்பதைப் பலர் உணர்வதில்லை. முதற்பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஈராண்டுகளில் அவ்வூரவை எடுத்த முடிவுகள், இன்று வைகுண்டப்பெருமாள் கோயில் எனப்படும் அவைமண்டபச் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. வேறுபாடறியாச் சிறுவன் ஒருவன் எல்லார் கண்முன்னும் ஓலையை எடுத்தான். அவ்வாறு வந்தவரிலிருந்து ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமர்ந்தனர். அவர் பணிக்காலம் 360 நாள்.

ஓலை எடுத்தது புதுமையன்று. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் கழகக் காலத்திலேயே இருந்தது என்பதற்கு அகநானூற்றின் 77ஆம் பாட்டில் வரும் உவமை சான்று. அவையுறுப்பினர் தகுதி வகுத்த கல்வெட்டும் நெல்லைப் பக்கத்து மானூரில் ஏறத்தாழ கி.பி. 800 அளவிலேயே கிடைக்கின்றது. உத்தரமேரூரின் தனிச்சிறப்பு, யாரை அமர்த்தக் கூடாது என்று அது வகுத்த பட்டியலிலேயே உள்ளது.

முன் மூவாண்டுக்குள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் என்றுமே வரலாகாது. அவர் மட்டுமோ? அவர் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் என உறவினர் பலரும் வரலாகாது. பிறர்பொருள் கவர்ந்தவர் வரலாகாது. பணியிலிருக்கும்போதே குற்றங் காணப்பட்டவர் அப்பொழுதே நீக்கப்பட வேண்டும்.

இவ்வொழுங்கின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் கணக்குக் காட்டாமல் ஒளிந்துகொண்டு தம் மகனையோ மருமகனையோ முன்னிறுத்தும் வழி அன்றே அடைக்கப்பட்டது. ஒருவரே இருக்கையில் வேரூன்றும் வழியும் அடைக்கப்பட்டது. யாருடைய ஓலை வரும் என்பது யாருக்குந் தெரியாமையால், முன்கூட்டிப் பொருள் கொடுத்து ஆள் பிடிக்கும் வழியும் அடைக்கப்பட்டது. இவை யாவும் மாந்தரின் நற்பண்பை நம்பி வகுக்கப்பட்டவையல்ல. மாந்தர் தவறக்கூடியவர் என்பதை அறிந்து வகுக்கப்பட்டவை.

ஆயினும் முழுவுண்மையையும் கூறியாக வேண்டும். அவ்வவை ஊர்மக்கள் அனைவரின் அவையன்று. உத்தரமேரூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். சதுர்வேதிமங்கலம் என்றே கல்வெட்டு குறிக்கும். வரிகட்டும் கால்வேலி நிலத்துக்கு மேலுடையவர், சொந்த மனையில் வீடு கட்டியவர், மறை கற்றவர், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவையினர் ஆகியோர் பெயர்களே குடத்தில் விழுந்தன. உழுதவன் பெயர் விழவில்லை. நெய்தவன் பெயர் விழவில்லை. ஏரியைத் தூர்வாரியவன் பெயரும் விழவில்லை. பெண்பாலார் பெயர் எண்ணப்படவே இல்லை. அரசனின் அலுவலன் ஒருவன் உடனிருக்கவே அம்முடிவுகளும் எடுக்கப்பட்டன. எனவே, உத்தரமேரூரில் கணக்குக் கேட்கும் கட்டுப்பாடு இருந்தது. கேட்கும் உரிமையோ ஒரு சிறுகுழுவுக்கு மட்டுமே இருந்தது. இன்று உரிமை அனைவர்க்கும் உண்டு, கட்டுப்பாடு காணாமற்போயிற்று. அன்றைய கட்டுப்பாட்டையும் இன்றைய உரிமையையும் ஒன்றாக இணைப்பதே தமிழ்மக்கள் முன்னுள்ள வேலை.

இன்றைய ஊராட்சி

1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தமும், அதன்வழி வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சிக்கு ஐந்தாண்டுப் பணிக்காலத்தை உறுதி செய்தன. அக்காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்பதும் அரசமைப்பின் கட்டளை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் தலைமையிடங்கள் சுழற்சிமுறையில் ஒதுக்கப்பட்டன. உத்தரமேரூர்க் குடத்தில் விழாத பெயர்கள் ஆயிரமாண்டுக்குப் பின் விழுந்தன.

விழுந்த பெயர்களைச் சாதிவெறி பொறுத்துக்கொள்ளவில்லை. 1996 தேர்தலில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30இல், உடன்வந்தவர் சிலரொடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுக்காலம் தலைவர் இருக்கை நிரம்பவே விடப்படவில்லை. வேட்பாளர் முன்வரவில்லை; வந்து வென்றவரும் உடனே விலக நேர்ந்தது. 2006இல்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது. சட்டம் எழுதப்பட்டதோடு அமைப்பு நிறைவுற்றுவிடாது. அதனைக் காக்கும் துணிவும் அரசுக்கு வேண்டும் என்பது குருதியால் எழுதப்பட்ட படிப்பினை. சுழற்சியொதுக்கீடு என்னும் அமைப்பு இல்லையெனில் அத்துணிவைக் கேட்டுப் பெறுதற்கும் இடமிராது என்பது அதன் மறுபக்கம்.

இத்துணை இழப்பொடு பெற்ற ஊராட்சியை அரசுகள் எவ்வாறு போற்றின? 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பணிக்காலம் 2016 அக்தோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிக்கையில் குறை கண்ட உயர் வழக்குமன்றம் அதனை நீக்கி, ஆண்டிறுதிக்குள் தேர்தலை நடத்தப் பணித்தது. நடத்தப்படவில்லை. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 திசம்பரில் நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்தோபரில் நடந்தது. நகர்ப்புறத்துக்கோ 2022 பிப்பிரவரி 19இல்தான் தேர்தல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரையும் நகரையும் ஆண்டவர் யார்? தனி அலுவலர்கள். அவரை அமர்த்தியது மாநில அரசு. நீக்க வல்லதும் மாநில அரசு. குடிநீர்க்குழாய் வறண்டால் அவரை யார் கேட்பது? சாலை போடாமலே போட்டதாக எழுதினால் யாரிடம் முறையிடுவது? 2019 திசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உறுப்பினரின் பணிக்காலம் 2025 சனவரியில் முடிந்தபோது, 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலரே வந்தனர். முதற்காலத்தில் ஆண்டது ஒரு கட்சி. பிற்காலத்தில் ஆண்டது மற்றொரு கட்சி. ஆள் மாறியது, கொடி மாறியது, செயல் மாறவில்லை. குறை தனியாளின் பண்பில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தேர்தல் நடந்த காலத்திலும் ஊராட்சித் தலைவர் முழுவுரிமையுடையவரல்லர். ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, தலைவரை நீக்கும் உரிமையை மாவட்ட ஆட்சியர்க்குத் தருகின்றது. தவறு செய்த தலைவர் நீக்கப்பட வேண்டியவரே. ஆயின், தேர்ந்தெடுத்தவர் மக்கள். நீக்குபவர் அலுவலர் என்றால், தலைவர் யார் முகத்தை நோக்குவார்? ஊர்மக்கள் கூடும் ஊரவையை அன்றோ நோக்க வேண்டும்? ஆண்டுக்குச் சில முறை கூடும் அவ்வவையில், எழுதி வைத்த முடிவைப் படித்து முடித்துக் கையெழுத்து வாங்குவதே பல ஊர்களில் நடைமுறை. வரவு செலவைக் கேட்பவர் குழப்பம் விளைப்பவராக எண்ணப்படுகின்றார்.

சட்டமன்ற உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

ஊரிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றாலும் இதே கோளாறு வேறு உருவில் காணப்படும். 1967இல் அரியானாவில் ஓர் உறுப்பினர் இரு கிழமைக்குள் மும்முறை கட்சி மாறினார். அத்தகைய கட்சித்தாவலைத் தடுக்க 1985இல் 52ஆம் திருத்தத்தின்வழி அரசமைப்பில் பத்தாம் பட்டியல் சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லது. விளைவோ வேறு. கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் இருக்கையை இழப்பார். அக்கட்டளை ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கு மட்டுமன்றி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தம் தொகுதிக்குக் கேடான ஒரு சட்டத்தைத் தம் கட்சி கொண்டுவந்தால், அதை எதிர்த்து வாக்களிக்கும் உரிமை மக்கள் சார்பாளர்க்கு இல்லை. வேட்பாளராக்குபவர் கட்சித் தலைவர், எவ்வாறு வாக்களிப்பது என்று பணிப்பவர் கட்சித் தலைவர், மீறினால் நீக்கம். அவ்வுறுப்பினர் தொகுதி மக்கள் முகத்தை எதற்காக நோக்குவார்?

தகுதிநீக்க வழக்கைத் தீர்ப்பவரோ பேரவைத் தலைவர். அவர் ஆளுங்கட்சியின் பெரும்பான்மையால் வந்தவர். அதன் விளைவைத் தமிழ்நாடு 2017இல் கண்டது. அவ்வாண்டு பிப்பிரவரி 18இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளுங்கட்சி உறுப்பினர் பதினொருவர் அரசை எதிர்த்து வாக்களித்தனர். பின்னர் அவர்கள் அரசோடு இணைந்தனர். அவர்கள்மேல் தகுதிநீக்கம் பாயவில்லை. அதே கட்சியின் வேறு பதினெண்மர், முதலமைச்சர்க்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநர்க்கு எழுதிக் கொடுத்தனர். செப்டம்பரில் அவர்கள் தகுதியிழந்தனர். அவை ஒன்று, ஆண்டு ஒன்று, தலைவர் ஒருவர், தீர்வு மட்டும் இரண்டு. பதினெண்மர் தொகுதிகளும் 2019 ஏப்பிரல் இடைத்தேர்தல் வரை உறுப்பினரின்றிக் கிடந்தன. கொறடாவின் கட்டளையை நம்பிக்கை வாக்கெடுப்பளவில் நிறுத்த வேண்டும் என்று தினேசு கோசுவாமி குழு 1990இலேயே கூறியது. இத்தகைய வழக்குகளைப் பேரவைத் தலைவரிடம் விடுவதை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச வழக்குமன்றமும் கூறியது. கூறியவை ஏட்டிலேயே உள்ளன.

ஆளுநர் என்னும் வேற்றுக்கிளை

இவ்வனைத்துக்கும் மேலாக ஓர் இருக்கை உண்டு. அதில் அமர்பவரை மாநில மக்கள் ஒருவரும் தேர்ந்தெடுப்பதில்லை. அரசமைப்பின் 155ஆம் உறுப்பின்படி ஆளுநரை அமர்த்துபவர் குடியரசுத் தலைவர், அஃதாவது நடுவணரசு. 156ஆம் உறுப்பின்படி அவர் விரும்பும்வரையே ஆளுநர் இருப்பார். மேலே கூறிய பொதுநெறியின்படி அவர் எம்முகம் நோக்குவார் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

356ஆம் உறுப்பைக் கொண்டு 1976 சனவரி 31இலும், 1980 பிப்பிரவரியிலும், 1988 சனவரியிலும், 1991 சனவரி 30இலும் தமிழ்நாட்டு அரசுகள் நீக்கப்பட்டன. அவற்றுள் 1991ஆம் ஆண்டு நிகழ்ச்சி தனியே எண்ணத்தக்கது. அன்று ஆளுநராக இருந்த சுர்சித்து சிங்கு பர்னாலா, அரசை நீக்கப் பரிந்துரைக்கும் அறிக்கையை விடுக்க மறுத்தார். அதனால் ஆட்சி தப்பியதா? இல்லை. ஆளுநரின் அறிக்கையாலோ பிறவாற்றாலோ என்றிருந்த சட்டச்சொல்லே போதுமானதாயிற்று. ஆட்சி நீங்கியது. மறுத்தவர் பீகாருக்கு மாற்றப்பட்டார். அவர் பொறுப்பையே துறந்தார். நேர்மையான ஒருவர் அவ்விருக்கையில் இருந்தும் பயனில்லை. நல்லவர் வந்தால் எல்லாம் நலமாகும் என்போர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

இதற்கு மறுதலையான படிப்பினையும் உண்டு. 1994 மார்ச்சு 11இல் பொம்மை வழக்கில் ஒன்பது நடுவர் கொண்ட உச்ச வழக்குமன்ற ஆயம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில் காண வேண்டும். ஆளுநர் மாளிகையில் அன்று. நீக்க ஆணையை வழக்குமன்றம் ஆராயலாம். தவறெனின் நீக்கப்பட்ட அரசை மீட்கலாம். இவ்வாறு நெறி வகுக்கப்பட்டபின், மாநில அரசுகளை நினைத்தவுடன் கலைக்கும் வழக்கம் பெரிதும் குறைந்தது. தமிழ்நாட்டில் 1991க்குப் பின் அவ்வாறு ஓர் அரசும் கலைக்கப்படவில்லை. தில்லியில் ஆண்டவர் திடீரென நல்லவராகிவிட்டனரா? இல்லை. கேட்பார் உண்டு என்னும் நிலை வந்தது. அவ்வளவே. நெறி மாறினால் நடத்தை மாறும் என்பதற்கு இதுவே சான்று.

ஒரு வாயில் அடைபட்டதும் மற்றொரு வாயில் தேடப்பட்டது. கலைக்க இயலாவிடின் காலந்தாழ்த்தலாம் அன்றோ? எழுவர் விடுதலைக்கு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் அது ஈராண்டுக்கு மேல் கிடந்து, பின் குடியரசுத் தலைவர்க்குச் சென்றது. இறுதியில் 2022இல் உச்ச வழக்குமன்றமே விடுவித்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய பத்துச் சட்டமுன்வரைவுகளை 2023 நவம்பரில் ஆளுநர் ஒப்புதலின்றித் திருப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பினார். அது சட்டப் பிழை என்றும், அவை ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றும் 2025 ஏப்பிரல் 8இல் உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு விடையாக, அதே ஆண்டு நவம்பர் 20இல் ஐவர் ஆயம் கருத்துரைத்தது. ஆளுநர்க்கு வழக்குமன்றம் காலவரையறை விதித்தல் இயலாது. ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளுதலும் இயலாது என்பது அக்கருத்து. அரசமைப்பிலேயே காலவரையறை எழுதப்படாத வரையில் இவ்விடர் தீராது என்பது இதனால் உறுதியாயிற்று.

தமிழ்நாடு இதனை அரை நூற்றாண்டுக்கு முன்பே கூறியது. 1969இல் அமைக்கப்பட்ட இராசமன்னார் குழு 1971இல் தந்த அறிக்கையில், மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை அமர்த்த வேண்டும் என்றது. 356ஆம் உறுப்பை நீக்க வேண்டும் என்றது. 1974இல் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சி முடிபை நிறைவேற்றியது. தில்லி செவிசாய்க்கவில்லை. ஆயினும், தில்லியிடம் தன்னாட்சி கேட்ட அக்கட்சிகளே சிற்றூர்க்குத் தன்னாட்சி தர மறுத்தன என்பதையும் தமிழன்பர்கள் உணர வேண்டும். ஆளுநரால் மாநிலத்துக்கு நேர்வது எதுவோ, தனி அலுவலரால் ஊராட்சிக்கு நேர்வதும் அதுவே. மேலே எதிர்க்கும் தீமையைக் கீழே தாமே செய்வோர் சொல்லுக்கு வலிமை எங்கிருந்து வரும்?

ஊழலை உசாவுவோர்

ஊழலை உசாவுதற்கென்றே அமைக்கப்படும் அமைப்புகளும் இந்நோய்க்கு விலக்கல்ல. பொதுவாழ்வினரின் குற்றங்களை உசாவ 1973இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. 1977இல் அது நீக்கப்பட்டது. நாடு முழுதும் ஓராண்டுக்குள் லோக் ஆயுக்தா அமைக்க வேண்டும் என்று கூறிய நடுவண் சட்டம் 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கான சட்டத்தை 2018 சூலையில்தான் இயற்றியது. அதன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூவர்: முதலமைச்சர், பேரவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர். மூவரில் இருவர் ஆளுந்தரப்பினர். உசாவப்பட வேண்டியவரே உசாவுவோரைத் தேர்ந்தெடுக்கின்றார். தேர்தல் ஆணையரைத் தெரிவு செய்யும் குழுவிலும் இதே நிலை. 2023 மார்ச்சில் உச்ச வழக்குமன்றம் அக்குழுவில் தலைமை நடுவரை இடம்பெறச் செய்தது. அவ்வாண்டு திசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவரை விலக்கி அவ்விடத்தில் நடுவண் அமைச்சரை அமர்த்தியது. கட்சிகளுக்குப் பொருள் கொடுத்தவர் பெயரை மக்கள் அறியாதவாறு மறைத்த தேர்தல் பத்திரமுறை 2018 முதல் நடந்து, 2024 பிப்பிரவரி 15இல்தான் உச்ச வழக்குமன்றத்தால் வீழ்த்தப்பட்டது.

குறை ஆள்வோரிடம் மட்டுமோ? வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017இல் இராதாகிருட்டிணன் நகரிலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. இந்தியாவெங்கும் தமிழ்நாட்டுக்குத் தலைகுனிவு. வாக்குக்குப் பணம் பெறுதல் கையூட்டு மட்டுமன்று. அது கணக்கை முன்னதாகவே தீர்த்துக்கொள்ளுதல். விலை பெற்றவர்க்குப் பின்னர்க் கேள்வி கேட்கும் வாய் ஏது? கொடுத்தவர்க்கு விடை சொல்லும் கடமை ஏது? ஐந்தாண்டுக்குரிய உரிமையைச் சில தாள்களுக்கு விற்றவர், தம் ஏரியையும் மணலையும் பள்ளிக்கூடத்தையும் அன்றே விற்றவராவர்.

கணக்கின் மொழி

இங்கு மொழியின் இடமும் எண்ணத்தக்கது. உத்தரமேரூர் அவை தன் நெறிகளைச் சுவடியில் பூட்டி வைக்கவில்லை. அவைமண்டபச் சுவரில், ஊரார் பேசும் தமிழில், வடசொற் கலப்புடையதேனும் தமிழிலேயே வெட்டி வைத்தது. புரியாத மொழியில் காட்டப்படும் கணக்கு காட்டப்படாத கணக்கே. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. ஆயினும் ஒப்பந்தங்களும் மதிப்பீடுகளும் இன்னும் ஆங்கிலத்தில் உலவுகின்றன. சென்னை உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் முடிபு நிறைவேற்றியும் தில்லி இசையவில்லை. இந்திக்கு நான்கு மாநில உயர்மன்றங்களில் கிடைத்த இடம் தமிழுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. தமிழாட்சி வேண்டுமென்பது உணர்ச்சிக் கூச்சலன்று. குடிமகன் தன் ஆட்சியாளரைக் கணக்குக் கேட்பதற்கான முதற்கருவி அது.

செய்ய வேண்டுவன

ஒன்று: உள்ளாட்சியில் தனி அலுவலர் ஆட்சிக்கு இடமே இருத்தலாகாது. பணிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தாத அரசு விடைகூறக் கடமைப்பட்டதாகச் சட்டம் திருந்த வேண்டும்.

இரண்டு: ஊராட்சித் தலைவரை நீக்கும் உரிமை ஊரவைக்கும் முறைமன்றத்துக்கும் உரியதாக வேண்டும். கணக்கு முடித்துக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் போட்டியிடலாகாது என்னும் உத்தரமேரூர் நெறி இன்றைய சட்டத்தில் ஏற வேண்டும்.

மூன்று: கொறடாவின் கட்டளை நம்பிக்கை வாக்கெடுப்பொடு நிற்க வேண்டும். தகுதிநீக்கத்தைக் கட்சி சாராத நடுவர் காலவரையறைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு: ஆளுநர் இருக்கை நீக்கப்பட வேண்டும். அதுவரை, சட்டமுன்வரைவுக்கு விடையளிக்கும் காலம் அரசமைப்பிலேயே எழுதப்பட வேண்டும்.

ஐந்து: உசாவும் அமைப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஆளுந்தரப்பு பெரும்பான்மையாக இருத்தலாகாது.

ஆறு: ஊராட்சி முதல் தலைமைச் செயலகம் வரை எல்லா வரவு செலவும் தமிழில், மக்கள் பார்க்குமிடத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இவற்றுள் சில தில்லியில் முடிய வேண்டியவை. சில சென்னையில் முடிய வேண்டியவை. இவ்விரண்டுக்கும் காத்திராமல் தம் ஊரிலேயே தொடங்கத்தக்கதும் ஒன்றுண்டு. ஊரவை கூடும் நாளில் தமிழன்பர் ஒவ்வொருவரும் அங்குச் செல்ல வேண்டும். முன்னவையின் முடிவு என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். விடையைத் தமிழில் எழுதித் தரக் கேட்க வேண்டும். தனியே கேட்டால் தள்ளுவர். பத்துப் பேர் கேட்டால் தயங்குவர். ஊரே கேட்டால் காட்டுவர்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகுழு தன் ஊருக்குச் செய்துகொண்ட ஒழுங்கை, இன்று எல்லார்க்கும் வாக்குள்ள ஒரு நாடு தனக்குச் செய்துகொள்ள இயலாதா? இயலும். கணக்குக் கேட்கும் குடியே ஆளும் குடி. கேளாத குடி, எத்தனை முறை வாக்களித்தாலும் ஆளப்படும் குடியே.